லூப் கொண்டு இசையமைக்க எந்த மென்பொருளை எடுப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் தீபாவளி, பொங்கல் மேடைக்குப் பாட்டுக் கட்டுபவர்கள், பள்ளி நடனக் குழுவுக்குப் பின்னணி இசை செய்பவர்கள், உறுமி மேளக் குழுவில் இருந்தபடியே கணினியில் இசையமைக்க விரும்புபவர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து இந்தப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன. விற்பனைப் பட்டியலில் எந்த மென்பொருள் முன்னால் நிற்கிறது என்று பார்த்து வாங்க வேண்டாம். உங்கள் தாளமும் சுருதியும் அதில் சிதையாமல் உட்காருகிறதா என்று சோதித்துவிட்டு வாங்குங்கள்.

லூப் என்றால் எல்லாம் ஒன்றுதானா?

லூப் என்பது திரும்பத் திரும்பச் சுழலவிடும் சிறு இசைத்துண்டு. அதில் இரண்டு வகை உண்டு. ஒன்று ஆடியோ லூப், அதாவது பதிவு செய்த ஒலித்துண்டு. வேகத்தையோ சுருதியையோ மாற்றினால் மென்பொருள் அந்த ஒலியை நீட்டியோ சுருக்கியோதான் ஆக வேண்டும். மற்றது மிடி லூப். அதில் ஒலியே கிடையாது. எந்த ஸ்வரம், எந்த நேரத்தில், எவ்வளவு அழுத்தத்தில் என்ற குறிப்பு மட்டுமே இருக்கும். வேகம் மாற்றினாலும் சுருதி மாற்றினாலும் தரம் குறையாது. ஆப்பிளின் இலவச இசை மென்பொருளான கராஜ்பேண்டில் நீல நிறத்தில் இருப்பது ஆடியோ, பச்சை நிறத்தில் இருப்பது மிடி.

தவில், பறை, நாதஸ்வரம், குரல் இவற்றுக்கு ஆடியோ லூப்தான் சரி. பேஸ், கீபோர்டு, சிந்த் ஆகியவற்றுக்கு மிடி வசதி. உங்கள் பாட்டில் எது அதிகம் என்பதைப் பொறுத்தே மென்பொருள் தேர்வு மாறும்.

காசு செலவழிக்காமல் எதில் தொடங்கலாம்?

மேக், ஐபேட், ஐபோன் இருந்தால் கராஜ்பேண்ட். வேறு எதையும் தேட வேண்டாம். ஐபேட், ஐபோன் பதிப்பில் லைவ் லூப்ஸ் என்ற கட்டப் பலகை உண்டு. கட்டத்தைத் தொட்டால் லூப் ஓடும். மேக் பதிப்பில் அது இல்லை, லாஜிக் புரோவில் இருக்கிறது.

விண்டோஸ், குரோம்புக், ஆண்ட்ராய்டு என்றால் பேண்ட்லேப். நம் ஊரிலேயே தலைமையகம் கொண்ட நிறுவனம். உலாவியிலும் கைபேசியிலும் ஓடும். பயன்பாட்டு உரிமைக் கட்டணமில்லாத லூப்களும் அதிலேயே கிடைக்கும். விண்டோஸ் கணினியில் நிறுவிக்கொள்ள விரும்பினால் வேவ்ஃபார்ம் ஃப்ரீயைப் பாருங்கள், டிராக் (ஒவ்வொரு வாத்தியத்துக்கும் குரலுக்கும் உள்ள தனி வரிசை) எண்ணிக்கைக்குக் கட்டுப்பாடு இல்லை. எல்எம்எம்எஸ் என்ற இலவச மென்பொருளும் பரவலாகப் பரிந்துரைக்கப்படுகிறது. ஆனால் அதில் நேரடியாகக் குரலையோ மேளத்தையோ பதிவு செய்ய முடியாது. பாடுபவர்களுக்கும் மேளக்காரர்களுக்கும் அது உதவாது.

காசு கொடுத்து வாங்குவதென்றால்?

ஏபில்டன் லைவ் 2001-இல் பெர்லினிலிருந்து வந்தது. லூப்களைக் கட்டங்களில் அடுக்கி, பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றி மாற்றி ஒலிக்கவிடும் செஷன் வியூ இதன் உயிர். மேடையில் ஏறுபவர்களுக்கு எங்கள் முதல் பரிந்துரை இதுதான். இன்ட்ரோ, ஸ்டாண்டர்டு, ஸ்வீட் என மூன்று பதிப்புகள். இன்ட்ரோவில் 16 டிராக், 16 சீன் (சேர்ந்து ஒலிக்க வேண்டிய லூப்களின் அடுக்கு) வரைதான். அதைவிட முக்கியமான ஒன்று: முழுப் பாட்டையோ பல வாத்தியங்கள் கலந்த ஒலியையோ நீட்டச் சிறந்த காம்ப்ளெக்ஸ், காம்ப்ளெக்ஸ் புரோ ஆகிய இரண்டு முறைகளும் இன்ட்ரோவில் இல்லை, ஸ்டாண்டர்டிலிருந்துதான் தொடங்கும். தாள வாத்திய லூப் மட்டும் வைத்து வேலை செய்பவருக்கு இன்ட்ரோ போதும்.

எஃப்எல் ஸ்டூடியோ 1997-இல் ஃப்ரூட்டிலூப்ஸ் என்ற பெயரில் தொடங்கியது. பீட்டைக் கட்டம் கட்டமாகத் தட்டிச் சேர்ப்பதில் இதன் வேகத்துக்கு இணை குறைவு. ஒருமுறை வாங்கினால் பிற்காலப் பதிப்புகளெல்லாம் கூடுதல் கட்டணமின்றிக் கிடைக்கும். பள்ளி மாணவனுக்கு வாங்கித் தரும் பெற்றோர் கவனிக்க வேண்டிய சலுகை இது. ஆனால் மிகக் குறைந்த விலையில் உள்ள ஃப்ரூட்டி பதிப்பில் மைக்கிலிருந்து பதிவு செய்ய முடியாது. பாடப் போகிறவர் புரொடியூசர் பதிப்பையே எடுக்க வேண்டும். விலையைப் பார்த்து ஃப்ரூட்டியை வாங்கிவிட்டு மறுபடி மேம்படுத்துவது வீண் அலைச்சல்.

லாஜிக் புரோ மேக்கிலும் ஐபேடிலும் மட்டும் ஓடும். கராஜ்பேண்டில் செய்த பாட்டை அப்படியே திறக்கும் என்பதால் கராஜ்பேண்ட் பழகியவர்களின் அடுத்த படி பெரும்பாலும் இதுவே.

ரீப்பர் 60 நாள் முழு வசதியோடு சோதித்துப் பார்க்கக் கிடைக்கும். தனிநபர் உரிமம் 60 அமெரிக்க டாலர். பழைய கணினியிலும் ஓடும். ஆனால் கூடவே லூப் நூலகம் எதுவும் வராது. லூப்களைத் தாங்களே பதிவு செய்பவர்களுக்கு இது குறையே இல்லை, ஆயத்த லூப்களை எதிர்பார்ப்பவர்களுக்கோ திறந்ததும் வெறும் திரைதான் தெரியும்.

பிட்விக் ஸ்டூடியோவிலும் லைவ் போன்ற கட்டப் பலகை உண்டு, லினக்ஸிலும் ஓடும். லூப்களை வேகத்துக்கு ஏற்பப் பொருத்தும் மென்பொருள்களுக்கெல்லாம் முன்னோடியான ஆசிட் 1998-இல் வந்தது. இன்றும் விண்டோஸில் கிடைக்கிறது. புதிதாகத் தொடங்குபவர் அதைத் தேடிப் போக வேண்டிய காரணம் இப்போது இல்லை.

சோதனைப் பதிப்பில் எதைச் சோதிக்க வேண்டும்?

கூடவே வரும் மாதிரிப் பாட்டைக் கேட்டு முடிவெடுக்க வேண்டாம். அது எந்த மென்பொருளிலும் நன்றாகத்தான் ஒலிக்கும். உங்களுடைய தவில் அல்லது மிருதங்க லூப் ஒன்றை எடுங்கள். 100 பிபிஎம்மில் (பிபிஎம் என்பது நிமிடத்துக்கு எத்தனை அடி என்ற வேகக் கணக்கு) 16 அடி உள்ளது என்று வைத்துக்கொள்வோம். அதன் நீளம் சரியாக 9.6 வினாடி இருக்க வேண்டும்.

முதலில் புராஜெக்ட் வேகத்தை 112 ஆக்கி, லூப்பை இழுத்துப் போடுங்கள். தானாகப் பொருந்துகிறதா, இல்லை நீங்கள் உட்கார்ந்து வேகத்தைச் சொல்லித்தர வேண்டியிருக்கிறதா என்று பாருங்கள். மெட்ரோனோமோடு (மென்பொருளின் தாளத் தட்டொலி) சேர்த்து இரண்டு நிமிடம் ஓடவிடுங்கள். முதல் சுற்றில் ஒட்டியிருந்து பத்தாவது சுற்றில் நழுவினால் லூப்பின் நீளம் தவறாகக் கணிக்கப்பட்டிருக்கிறது. அடுத்து, இரண்டு அரை ஸ்வரம் மேலே ஏற்றுங்கள். "தொம்" என்ற சொல் அடிவயிறு இல்லாமல் ஒலிக்கிறதா என்று கவனியுங்கள். பிறகு லூப்பின் நீளத்தை 7 அடியாக வெட்டிச் சுழலவிட்டு, அதைச் செய்ய எத்தனை சொடுக்கு ஆகிறது என்று பாருங்கள். கடைசியாக, சேமித்து மூடிவிட்டு மறுபடி திறங்கள்.

இந்தக் கடைசிப் படியில் எஃப்எல் ஸ்டூடியோ உங்களைத் தடுக்கும். அதன் சோதனைப் பதிப்பில் சேமிக்கலாம், ஆனால் வாங்கும்வரை சேமித்ததைத் திறக்க முடியாது. ஒரே அமர்வில் முடித்து வேவ் கோப்பாக எடுத்துவிடுங்கள்.

ஆதி தாளம், மிஸ்ர சாபு எல்லாம் இவற்றில் வருமா?

ஆதி தாளத்தில் சிரமமே இல்லை. 4/4 வைத்தால் ஒரு பாருக்கு 4 அடி, ஒரு ஆவர்த்தனம், அதாவது தாளத்தின் ஒரு முழுச் சுற்று, இரண்டு பார். லூப்பின் நீளத்தை 4 அடியாக வைக்காமல் 8 அடியாக வையுங்கள். 4 அடியில் வைத்தால் ஒவ்வொரு நாலாவது அடிக்குப் பிறகும் சமம், அதாவது ஆவர்த்தனத்தின் முதல் அடி, வந்துவிட்டதுபோல் காது ஏமாறும், பாடுபவர் எடுப்பைத் தவறவிடுவார். அரை இடம், முக்கால் இடம் தள்ளி எடுக்கும் பாட்டாக இருந்தால் தாள லூப்பைத் தள்ளாதீர்கள். அது சமத்திலேயே நிற்கட்டும், குரல் டிராக்கை மட்டும் நகர்த்துங்கள்.

மிஸ்ர சாபுக்கு 7/8 அல்லது 7/4, கண்ட சாபுக்கு 5/8 அல்லது 5/4, ரூபகத்துக்கு 3/4. லைவ், லாஜிக், ரீப்பர், பிட்விக் நான்கிலும் பாட்டின் நடுவிலேயே இந்தக் கணக்கை மாற்றலாம். எஃப்எல் ஸ்டூடியோவிலும் பிளேலிஸ்டில் குறியிட்டு மாற்ற முடியும். மேக் கராஜ்பேண்டில் ஒரு பாட்டுக்கு ஒரே கணக்குதான். ஐபேட் கராஜ்பேண்டில் 4/4, 3/4, 6/8 மூன்று மட்டுமே. பல்லவி ஆதியில், சரணம் மிஸ்ரத்தில் என்று கட்டுபவர்கள் ஐபேடை மட்டும் நம்பி இறங்கினால் பாதியில் மாட்டிக்கொள்வார்கள்.

7 அடி வசதி இல்லாத மென்பொருளிலேயே செய்தாக வேண்டுமென்றால் ஒரு வழி இருக்கிறது. பார் கோடுகளைக் கண்டுகொள்ளாமல், மெட்ரோனோமின் முதல் அடி அழுத்தத்தை நிறுத்திவிட்டு, லூப்பை 7 அடிக்கு வெட்டி வரிசையாக ஒட்டுங்கள். நாலு ஆவர்த்தனம் முடியும்போது 28 அடி, அதாவது 4/4 கணக்கில் சரியாக 7 பார். எல்லா டிராக்கும் அங்கே ஒன்றுசேரும், வெட்டி ஒட்டும் வேலைகளை அந்த இடத்தில் வைத்துக்கொள்ளலாம்.

லைவிலும் பிட்விக்கிலும் ஒவ்வொரு லூப்புக்கும் தனித்தனி நீளம் கொடுக்க முடியும். 8 அடி மிருதங்கத்தின் மேல் 7 அடி கஞ்சிரா லூப்பைச் சுழலவிட்டால் இரண்டும் 56-ஆவது அடி முடிந்து சந்திக்கும். கோர்வை கட்டத் தெரிந்தவர்களுக்கு இந்த வசதி ஒன்றே போதும், கொடுத்த காசு வசூலாகிவிடும்.

குத்துப் பாட்டு லூப் போட்டால் ஆட்டம் வராமல் தட்டையாக இருக்கிறது. ஏன்?

பெரும்பாலும் கட்டத்தின் தவறு. குத்து, கும்மி, காவடிச் சிந்து மெட்டுகள் பலவும் ஓர் அடியை மூன்றாகப் பிரித்து நடப்பவை. மென்பொருளோ திறந்தவுடன் ஓர் அடியை நாலாகப் பிரிக்கும் கட்டத்தைக் காட்டும். அந்தக் கட்டத்தில் குவான்டைஸ் (அடிகளைக் கட்டக் கோட்டுக்கு இழுக்கும் வசதி) அழுத்தினால் மூன்றாக விழுந்த அடிகள் நாலில் ஒரு இடத்துக்கு இழுக்கப்பட்டு, நடை செத்துவிடும். கட்டத்தை டிரிப்லெட்டுக்கு, அதாவது மூன்றாகப் பிரிப்பதற்கு, மாற்றுங்கள், அல்லது புராஜெக்டையே 6/8 அல்லது 12/8 ஆக்கிவிடுங்கள்.

அப்புறம் குவான்டைஸை 100 விழுக்காட்டில் வைக்காதீர்கள். 50 முதல் 60 வரை போதும். பறையில் இரண்டாவது அடி கொஞ்சம் தாமதித்து விழுவதில்தான் கால் தூக்க வைக்கும் விசை இருக்கிறது. அதைத் துடைத்துவிட்டால் எவ்வளவு சத்தம் கூட்டினாலும் ஆட்டம் வராது.

வேகக் கணக்கிலும் ஒரு குழப்பம் உண்டு. பல மென்பொருள்கள் 6/8-இலும் குவார்ட்டர் நோட்டையே ஓர் அடியாக வைத்து பிபிஎம்மை எண்ணும். கை தட்டும்போது நீங்கள் உணர்வதோ அதன் ஒன்றரை மடங்கு நீளமான அடி. நிமிடத்துக்கு 120 தடவை தட்டும் பாட்டு திரையில் 180 என்று தெரியும். லூப்பின் பெயரில் 180 என்று இருந்தால் ஓட்டமாக இருக்குமோ என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

லூப்பின் வேகம் தெரியவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

அடிகளை எண்ணி 60-ஆல் பெருக்கி, வினாடிகளால் வகுத்தால் பிபிஎம். 8 அடி லூப் 5 வினாடி என்றால் 96. மென்பொருளின் தானியங்கிக் கணிப்பு பெரும்பாலும் சரி, தவறினால் பாதியாகவோ இரட்டிப்பாகவோ தவறும். மூன்று நடை லூப்பில் ஒன்றரை மடங்காகவும் தவறலாம். கோப்புக்குள்ளேயே வேகம் எழுதப்பட்ட ஆப்பிள் லூப், ஆசிட் வகை வேவ், ரெக்ஸ் கோப்புகளில் இந்தத் தொல்லை இல்லை.

வேகம் மாற்றினால் ஒலி கரகரக்கிறது. எவ்வளவு வரை மாற்றலாம்?

தாள வாத்தியத்தில் 10 விழுக்காடு வரை அச்சமின்றி மாற்றலாம். அதற்கு மேல் போனால் அடிகள் இரட்டையாகக் கேட்கத் தொடங்கும், மெதுவாக்கினால் வால் பகுதி நடுங்கும். குரலும் நாதஸ்வரமும் இன்னும் சீக்கிரம் கெடும்.

லைவில் வார்ப் (ஒலியை நீட்டிச் சுருக்கும்) முறையை ஒலிக்குத் தக்கபடி தேர்ந்தெடுங்கள். தவில், பறைக்கு பீட்ஸ். தனிக் குரல், தனி நாதஸ்வரத்துக்கு டோன்ஸ். ஸ்டாண்டர்டு பதிப்பு இருந்தால் கலவையான பதிவுக்கு காம்ப்ளெக்ஸ். குரலுக்கு பீட்ஸ் முறை விழுந்திருப்பதுதான் நாங்கள் பார்க்கும் புகார்களில் பாதிக்குக் காரணம். வேறு மென்பொருள்களிலும் இதே மாதிரித் தேர்வு இருக்கும், தேடி மாற்றுங்கள்.

சுருதி, ராகம்?

தாள லூப்புக்குச் சுருதி இல்லை என்று நினைப்பது பெரிய தவறு. மிருதங்கத்தின் வலந்தலையும் தபேலாவும் ஆதார சட்ஜத்துக்குச் சேர்க்கப்பட்டவை. ஒரு கட்டையில், அதாவது சியில் பதிவான மிருதங்க லூப்பை 5 கட்டையில், அதாவது ஜியில் பாடுபவருக்குப் போட்டால் ஒவ்வொரு "நம்"மும் உறுத்தும். சுருதி மாற்றலாம், ஆனால் இரண்டு அரை ஸ்வரத்துக்கு மேல் போனால் தோல் வாத்தியம் பிளாஸ்டிக் வாளிபோல் ஒலிக்கும். சுருதி நெருங்கிய லூப்பைத் தேடுவதே மேல்.

மேற்கத்திய லூப் தொகுப்பில் சி மேஜர் என்று எழுதியிருப்பதை நம்பிக் கல்யாணி பாடப் போகாதீர்கள். கல்யாணிக்கு பிரதி மத்யமம், அதாவது எஃப் ஷார்ப் வேண்டும். லூப்பிலோ சாதாரண எஃப் இருக்கும். மோகனத்தில் மத்யமமும் நிஷாதமும் கிடையாது, அதே லூப் அவை இரண்டையும் உள்ளே கொண்டுவந்துவிடும். ஆடியோ லூப்பில் ஒரு ஸ்வரத்தை மட்டும் பிடுங்கி எடுப்பது கடினம். மிடி லூப் என்றால் பியானோ ரோலைத் திறந்து அந்த ஸ்வரத்தை அழித்தால் முடிந்தது. ராகம் சார்ந்து இசையமைப்பவர்கள் கார்டு லூப்களை மிடியாக மட்டுமே எடுங்கள் என்று அழுத்திச் சொல்வது இதனால்தான்.

தம்பூரா லூப்பிலும் ஒரு கண் வேண்டும். ஹிந்தோளத்தில் பஞ்சமம் இல்லை. பஞ்சமம் மீட்டிய தம்பூரா லூப் அதன் அடியில் ஓடினால் ராகம் நிற்காது. மத்யமம் மீட்டிய லூப்பைத் தேடுங்கள்.

வீட்டிலேயே பறை, உறுமி லூப் பதிவு செய்ய முடியுமா?

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் வேண்டாம். இரவு 10.30-க்கு மேல்தான் சத்தம் போடக்கூடாது, பகலில் அடிக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். பறையின் சத்தம் நாலு மாடி தாண்டும். அண்டை வீட்டாருக்கும் அது நியாயமில்லை, பதிவும் வரவேற்பறைச் சுவரின் எதிரொலியோடு கெட்டுப்போகும். மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் ஜாமிங் ஸ்டூடியோ ஒன்றை எடுங்கள்.

தோல் வாத்தியத்துக்கு நம் ஊர் ஈரக்காற்று எதிரி. வெளியிலிருந்து கொண்டுவந்த பறையைக் குளிர்சாதன அறையில் வைத்தால் காற்று உலர்ந்து தோல் மெல்ல இறுகும், சுருதி ஏறிக்கொண்டே போகும். முதல் லூப்பும் பத்தாவது லூப்பும் ஒன்றுக்கொன்று சேராது. அறைக்குள் வைத்து அரை மணி நேரம் கழித்துத் தொடங்குங்கள், ஒரு பாட்டுக்கு வேண்டிய எல்லா லூப்பையும் ஒரே அமர்வில் முடித்துவிடுங்கள். செயற்கைத் தோல் போட்ட மேளத்தில் இந்தச் சிக்கல் குறைவு.

மைக் பறையிலிருந்து 60 முதல் 100 சென்டிமீட்டர் தள்ளி, தோலின் நடுவை நேராகப் பார்க்காமல் சற்றுச் சாய்வாக இருக்கட்டும். தவிலுக்கு இரு பக்கமும் ஒவ்வொரு மைக். 24 பிட்டில் பதியுங்கள். பலமான அடியே மைனஸ் 6 டெசிபலைத் தாண்டக்கூடாது. அடிப்பவர் காதில் கிளிக் ஓடட்டும், ஆனால் மூடிய வகை ஹெட்போனாக இருக்க வேண்டும், இல்லையேல் கிளிக் சத்தம் மைக்கில் ஏறிவிடும்.

ஒரே நடையை நிறுத்தாமல் எட்டுச் சுற்று அடிக்கச் சொல்லுங்கள். முதல் சுற்றை லூப்பாக எடுக்காதீர்கள். அதன் தொடக்கத்தில் முந்தைய அடியின் ரீங்காரம் இருக்காது, சுழலும்போது ஒவ்வொரு தடவையும் சமத்தில் ஒரு வெறுமை கேட்கும். மூன்றாவது அல்லது நாலாவது சுற்றை வெட்டுங்கள். அதற்குள் அடிப்பவரின் கையும் நிலைத்திருக்கும், முந்தைய சுற்றின் வால் புதிய சுற்றின் தலையில் இயல்பாக ஒலித்துக்கொண்டிருக்கும்.

கோப்புக்குப் பெயர் வைக்கும்போது வாத்தியம், தாளம், வேகம், சுருதி நான்கையும் எழுதுங்கள். "பறை புதுசு 2" என்று வைத்த கோப்பு மூன்று மாதத்தில் யாருக்கும் பயன்படாது.

லூப் திரும்பும் இடத்தில் "டக்" என்கிறது, அல்லது சிறு இடைவெளி விழுகிறது.

"டக்" சத்தம் என்றால், அலை பூஜ்ஜியக் கோட்டைத் தொடாத இடத்தில் வெட்டியிருக்கிறீர்கள். வெட்டை பூஜ்ஜியக் கோட்டுக்கு நகர்த்துங்கள், அல்லது இரு முனையிலும் 2 முதல் 5 மில்லி வினாடி ஃபேடு (ஒலி மெல்ல ஏறவோ இறங்கவோ செய்வது) போடுங்கள். தொடக்கத்தில் அதைவிட நீளமான ஃபேடு போட்டால் அடியின் கூர்மை போய்விடும்.

இடைவெளி என்றால் அது அனேகமாக எம்பி3 கோப்பு. அந்த வடிவம் கோப்பின் முன்னும் பின்னும் சிறு மௌனத்தைச் சேர்க்கும். லூப்களை எப்போதும் வேவ் அல்லது ஃபிளாக் வடிவில் வைத்திருங்கள். 24 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோ வேவ் நிமிடத்துக்கு ஏறத்தாழ 16 எம்பிதான், இடப் பஞ்சம் வராது.

பள்ளியில் கொடுத்த கணினியில் நிறுவலாமா?

உயர்நிலைப்பள்ளி மாணவர்களின் கற்றல் சாதனத்தில் மேலாண்மை மென்பொருள் இருக்கும். நினைத்த செயலியை நிறுவ அது விடாது. உலாவியில் ஓடும் பேண்ட்லேப், சவுண்ட்டிராப் இரண்டும் பொருந்தும், ஆனால் பள்ளி அந்தத் தளங்களைத் தடுத்திருக்கிறதா என்று ஆசிரியரிடம் முதலில் கேளுங்கள். சாதனம் ஐபேட் என்றால் கராஜ்பேண்ட் ஏற்கெனவே உள்ளதா என்று பாருங்கள்.

கீபோர்டை அழுத்தியபின் ஒலி தாமதமாக வருகிறது.

முதலில் புளூடூத் ஹெட்போனைக் கழற்றுங்கள். அதில் தாமதம் 100 மில்லி வினாடியைச் சாதாரணமாகத் தாண்டும், எந்த மென்பொருள் மாற்றினாலும் தீராது. கம்பி ஹெட்போன் போட்டபின் மென்பொருளின் ஒலி அமைப்பில் பஃபரை (கணினி ஒலியைச் சேர்த்துவைத்து அனுப்பும் அளவு) 128 ஆக்குங்கள். 44.1 கிலோஹெர்ட்ஸில் அது ஏறத்தாழ 3 மில்லி வினாடி. 512 என்றால் 12-ஐ நெருங்கும், அப்போது தட்டுவதற்கும் கேட்பதற்கும் இடையே இழுப்பு தெரியும். விண்டோஸில் தாமதத்தைக் குறைக்கும் ஆசியோ டிரைவர் கட்டாயம். பதிவு முடிந்து கலவை செய்யும்போது பஃபரை மறுபடி உயர்த்திவிடுங்கள்.

ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகையில் மென்பொருள் வாங்கலாமா?

முடியாது. 25 வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூரர்களுக்கு வழங்கப்படும் அந்தத் தொகை அங்கீகரிக்கப்பட்ட பயிற்சிகளுக்கு மட்டுமே. பயிற்சிக் கட்டணத்தில் மென்பொருள் உரிமமும் அடங்குமா என்று நடத்துபவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இணையத்தில் வாங்கும்போது திரையில் தெரியும் அமெரிக்க டாலர் விலையோடு கணக்கை முடிக்காதீர்கள். வெளிநாட்டு மின்னிலக்கச் சேவைகளுக்கும் 2020 முதல் பொருள் சேவை வரி உண்டு, 2024 முதல் அது 9 விழுக்காடு. அட்டையின் நாணய மாற்றுக் கட்டணம் தனி. 200 வெள்ளி என்று நினைத்தது 220-ஐத் தாண்டும். பலதுறைத் தொழிற்கல்லூரி, பல்கலைக்கழக மாணவர்களுக்குப் பல நிறுவனங்கள் கல்விச் சலுகை தருகின்றன, முழு விலை கொடுக்குமுன் அதைப் பாருங்கள்.

இன்னொன்று: ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கையும் ஒலிபெருக்கியையும் கணினியோடு இணைக்கும் பெட்டி), சிறிய மிடி கீபோர்டு பலவற்றின் பெட்டிக்குள் ஏபில்டன் லைவின் சிறு பதிப்பான லைவ் லைட்டுக்கான குறியீடு இருக்கும். 8 டிராக் வரை தரும், தொடங்க அது தாராளம். கரோசலில் பழைய பொருளாக வாங்கினால் அந்தக் குறியீட்டை முதல் உரிமையாளர் ஏற்கெனவே பதிந்திருப்பார். அதை நம்பி விலை பேசாதீர்கள்.

பழைய சினிமாப் பாட்டிலிருந்து இரண்டு வினாடி எடுத்து லூப் ஆக்கினால் பிரச்சினையா?

ஆம். இத்தனை வினாடிக்குள் இருந்தால் குற்றமில்லை என்று உலவும் பேச்சுக்குச் சட்டத்தில் இடமில்லை. ஒரு பாட்டில் மெட்டுக்கும் வரிகளுக்கும் ஓர் உரிமை, ஒலிப்பதிவுக்கு இன்னோர் உரிமை. இரண்டுக்கும் அனுமதி வேண்டும். சிங்கப்பூரில் 1987 முதல் இயங்கும் காம்பஸ் அமைப்பு பாடல்கள் பொது இடத்தில் ஒலிப்பதற்கான உரிமத்தைக் கவனிக்கிறது. ஒலிப்பதிவிலிருந்து வெட்டி எடுக்க அதனிடம் உரிமம் வாங்கினால் போதாது, ஒலிப்பதிவின் உரிமையாளரிடமே கேட்க வேண்டும். அதே நடையைப் புதிதாக அடித்துப் பதிவு செய்துகொள்வதே நல்ல வழி.

ஆயத்த லூப்களிலும் உரிமத்தைப் படியுங்கள். ஃபிரீசவுண்ட் தளத்தில் ஒவ்வொரு ஒலிக்கும் தனி உரிமம், வணிகப் பயன்பாட்டுக்கு அனுமதிக்காதவையும் அதில் உண்டு. ஆப்பிள் லூப்பை உங்கள் பாட்டில் தாராளமாகப் பயன்படுத்தலாம், ஆனால் அதைத் தனி லூப்பாக விற்கக்கூடாது. உரிமம் சரியாக இருந்தும் யூடியூபில் உரிமைக் கோரிக்கை வரலாம். அதே லூப்பைப் பயன்படுத்திய வேறொருவர் தன் பாட்டைப் பதிவு செய்திருப்பார், கணினி உங்களுடையதை அவருடையது என்று எண்ணிவிடும். லூப்பை எங்கே, எப்போது எடுத்தீர்கள் என்ற ரசீதையும் உரிமப் பக்கத்தையும் சேமித்து வைத்திருந்தால் மறுப்புத் தெரிவிப்பது எளிது. பொதுவில் எல்லாருக்கும் கிடைக்கும் லூப்பைத் தனியாக ஓடவிடாமல், மேலே உங்கள் வாத்தியத்தைச் சேர்த்தால் இந்தத் தொல்லை குறையும்.

சமூக மன்ற மேடையில் நேரடியாக ஓடவிட என்னென்ன ஏற்பாடு?

லைவில் லூப் எந்த இடத்தில் மாற வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் குவான்டைஸ் அமைப்பு இயல்பாக ஒரு பாரில் இருக்கும். ஆதி தாளத்துக்கு அதை இரண்டு பார் ஆக்குங்கள். பொத்தானை எப்போது அழுத்தினாலும் அடுத்த சமத்தில்தான் மாறும். மிஸ்ர சாபுக்கு 7/8 வைத்து, ஒரு பாரிலேயே விடுங்கள்.

மடிக்கணினியின் ஹெட்போன் துளையிலிருந்து மிக்ஸருக்குக் கம்பி இழுத்தால் பெரும்பாலும் இரைச்சல் வரும். ஆடியோ இன்டர்ஃபேஸின் பேலன்ஸ்டு வெளியீட்டைப் பயன்படுத்துங்கள். டிரம்மருக்குக் கிளிக் தர நாலு வெளியீடு உள்ள இன்டர்ஃபேஸ் நல்லது. இரண்டுதான் உண்டு என்றால் கிளிக் முழுவதையும் இடப்பக்கமும், இசை முழுவதையும் மோனோவாக வலப்பக்கமும் தள்ளுங்கள். அரங்கின் ஒலிபெருக்கி மோனோவில் ஓடுவது சகஜம், அதனால் எப்படியும் மோனோவில் ஒருமுறை கேட்டுப் பார்த்திருக்க வேண்டும். ஸ்டீரியோவில் அகலமாகக் கேட்ட சிந்த் மோனோவில் காணாமல் போவதுண்டு.

பஃபர் 256 அல்லது 512. வைஃபை, அறிவிப்புகள், திரை அணைப்பு எல்லாவற்றையும் நிறுத்துங்கள். மின்னிணைப்பில் செருகியே ஓட்டுங்கள். முழுப் பாட்டையும் ஒரே வேவ் கோப்பாக எடுத்துக் கைபேசியில் போட்டு, அதற்கான கம்பியையும் மிக்ஸர் பக்கத்தில் வைத்திருங்கள்.

பின்னால் வேறு மென்பொருளுக்கு மாறினால் செய்த பாட்டெல்லாம் என்னாகும்?

ஒன்றின் புராஜெக்ட் கோப்பை மற்றொன்று பெரும்பாலும் திறக்காது. கராஜ்பேண்டிலிருந்து லாஜிக்குக்குப் போவது விதிவிலக்கு. அதனால் ஒவ்வொரு டிராக்கையும் தனி வேவ் கோப்பாக எடுத்துவையுங்கள். எல்லாக் கோப்பும் பாட்டின் முதல் நொடியிலிருந்தே தொடங்க வேண்டும், அப்போதுதான் புதிய மென்பொருளில் போட்டவுடன் வரிசை பிசகாது. லைவ், ரீப்பர், எஃப்எல் ஸ்டூடியோ, லாஜிக் நான்கும் ஒரே ஏற்றுமதியில் எல்லா டிராக்கையும் பிரித்துத் தரும். மேக் கராஜ்பேண்டில் ஒவ்வொரு டிராக்காக சோலோ போட்டு எடுக்க வேண்டும், மிடியை நேரடியாக வெளியே எடுக்கவும் வழியில்லை. ரிவெர்ப் (எதிரொலி விளைவு) போட்டது ஒரு தடவை, போடாதது ஒரு தடவை என இரண்டு தொகுப்பு எடுங்கள். கூடவே ஓர் எழுத்துக் கோப்பில் வேகம், தாளம், சுருதி, எந்தப் பாரில் எது மாறுகிறது என்பதை எழுதி அதே கோப்புறையில் போட்டுவையுங்கள்.